அறுப்பன்று ஓடிய ஓட்டம்

வயதில் மூத்தவரை அவன் இவன் என்று எழுதக்கூடாது என்பார்கள். இவனுக்கு அந்த மரியாதை கிடையாது. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பெரிய புள்ளி. ஆட்சி மாறினால் வேட்டியின் கரை மாறும், ஆள் மாற மாட்டான். அப்பா உழுதுவந்த மடத்து நிலத்தின் குத்தகை தன் பேரில்தான் இருக்கிறது என்று திடீரென்று ஒருநாள் கிளம்பினான். அப்பாவுக்கோ தாத்தா காலத்திலிருந்து வாய்ப்பேச்சுக் குத்தகைதான். எங்கள் பக்கம் இப்படித் தகராறு வந்தால் முதல் கேள்வி, இந்தப் போகத்தை யார் அறுத்தது என்பதுதான். அறுத்தவனுக்கே அனுபோக உரிமை. அதனால் சம்பாக் கதிர் பழுக்க ஆரம்பித்ததும் அப்பா வயலே கதியென்று கிடந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆசிய அளவிலான உள்ளரங்கத் தடகளப் போட்டி வந்தது. அறுபது மீட்டர் ஓட்டத்துக்கு நான் தேர்வாகியிருந்தேன். வெளியே பனி கொட்டும் ஊர், கூரைக்குக் கீழே ஓட்டம். உள்ளே நூறு மீட்டருக்கு இடமில்லை, அதனால் அறுபது. கோட்டைத் தாண்டியதும் நிற்க இடம் போதாமல் சுவரில் சாத்திய மெத்தையில் போய் மோதுவோம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இத்தனூண்டு ஓட்டத்தைத்தான் அந்த ஆள் பிடித்துக்கொண்டான். தஞ்சாவூரில் கல்யாண மண்டபம் பேசி, பெரிய திரை கட்டி, எங்கள் தெருவுக்கே பஸ் விட்டு, பிரியாணியும் போட்டான். அப்பாவை வீடு தேடி வந்து அழைத்திருக்கிறான். "நம்ம ஊருப் புள்ள ஓடுது. சண்டையெல்லாம் அப்பறம் வச்சுக்கலாம், வாங்க பெரியவரே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பெற்ற பிள்ளை ஓடும்போது எந்த அப்பன் வரப்பில் உட்கார்ந்திருப்பான்?

இறுதி ஓட்டத்தில் நன்றாகத்தான் கிளம்பினேன். பாதி வரை எனக்கு முன்னால் யாருமில்லை. பிறகு இரண்டு பேர் கடந்தார்கள், கோட்டருகே இன்னொருவன். நான்காவது இடம். பதக்கம் போனது வருத்தம்தான். ஆனாலும் மெத்தையில் சாய்ந்து மூச்சு வாங்கியபோது, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மறுநாள் அம்மா போனில் அழுதார். "நாங்க பஸ் ஏறுன கையோட அறுப்பு மிஷின எறக்கிட்டாங்கடா. திரும்பி வந்து பாத்தா வயல்ல வெறும் தாளுதான் நிக்குது."

தடுக்க ஒரு ஆள் இல்லை. தடுக்க வேண்டிய அத்தனை பேரும் தஞ்சாவூரில் எனக்காக விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாவி, என் காலை வைத்தே என் அப்பன் வயலை அறுத்தான்.

தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். நானும் அப்பாவோடு போனேன். வாசலிலேயே எங்கள் வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னார். "வயல்லதான் இருந்தேன், அடிச்சு வெரட்டிட்டு அறுத்தாங்கன்னு சொல்லுங்க. விட்டுட்டுப் போயிட்டேன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. நெலம் போயிடும்." அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

உள்ளே அந்த ஆள் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். எழுந்து போய் ஒன்று விட்டிருப்பேன், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி நிமிர்ந்தார். "அறுப்பன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது.

"தஞ்சாவூருங்க. இவன்தாங்க எம்புள்ள. வெளிநாட்டுல ஓடுனான், ஆசியாவுலயே நாலாவதுங்க. அதப் பாக்கத்தான் போயிருந்தேன்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிர் நாற்காலியில் இருந்த அந்த ஆள் கை தட்டினான்.