கோபப்படக் கூடாத உறவு

வசேமதா பள்ளிப் பெண்கள் விடுதிக்கு மேட்ரனாக வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தாள். அதற்கு முன்பு சுவா நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் உதவிச் செவிலியாக இருந்தாள். படுக்கையோடு கிடப்பவர்களைப் புரட்டிப் போட்டே அவள் தோள்கள் துடுப்புப் போடுகிறவனின் தோள்கள் மாதிரி ஆகிவிட்டன. விடுதியிலும் அந்தப் பழக்கம்தான். பிள்ளைகளிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்க மாட்டாள். கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். நகத்தைப் பார்ப்பாள், காதுக்குப் பின்னால் பார்ப்பாள், உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பாள். பேன், சிரங்கு, காய்ச்சல் எதுவும் அவளிடமிருந்து தப்பியதில்லை.

தப்பியது வேறொன்று.

அவள் ஊர் வைசேரே, ஆற்றங்கரை. வைசேரேக்காரர்களுக்கும் மொத்துவா தீவுக்காரர்களுக்கும் மூதாதை ஒருவரே. அதனால் இரண்டு ஊரும் தௌவூ. தௌவூக்காரர்கள் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் பேசலாம், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். கோபம் மட்டும் படக் கூடாது. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

வசேமதாவுக்கு அந்த உறவு உயிர். அவள் புருஷன் செத்துக் கிடந்தபோது மொத்துவாப் பெண்கள் படகேறி வந்தார்கள். வந்ததும் ஒருத்தி செத்தவனுடைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் நடக்கிற மாதிரியே வயிற்றைத் தள்ளி நடந்து, "வசே, சோறு எங்கடி?" என்று அவன் குரலிலேயே கத்தினாள். துக்க வீடே உருண்டு புரண்டு சிரித்தது. சாப்பிடாமல் கிடந்த வசேமதாவும் சிரித்தாள், சிரித்த பிறகுதான் அவளுக்குப் பசித்தது.

ஆகவே, மொத்துவாவிலிருந்து உனைசி என்கிற பெண் பெட்டியும் பாயுமாக விடுதி வாசலில் வந்து நின்றபோது, வசேமதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரவேற்றாள்.

"மொத்துவாவா? அதான் வாசல்லயே கருவாட்டு நாத்தம் அடிக்குது! பெட்டியில என்ன, நண்டா? மறைச்சு வை. எங்க ஊர்க்காரி ஒருத்தி இருக்கா, பாத்தான்னா நண்டோட சேத்து உன்னையும் அவிச்சுடுவா!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த எங்க ஊர்க்காரி கெலேரா. உயரமான, வாய்த் துடுக்கான பெண், உனைசிக்கு ஒரு வகுப்பு மேலே. அவளும் சேர்ந்துகொண்டாள். "மேட்ரன், இவங்க ஊர்ல முதல் தடவை ஏரோப்ளேன் வந்தப்ப, பெரிய மீனு பறக்குதுன்னு வலையை எடுத்துட்டு ஓடினாங்களாம்!"

உனைசி தரையைப் பார்த்துச் சிரித்தாள். திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. வெட்கம், நாளானால் வாய் திறப்பாள் என்று வசேமதா நினைத்துக்கொண்டாள்.

கெலேரா அன்றைக்கே அவளுடைய புதுத் துண்டை எடுத்துக்கொண்டாள். பிறகு சோப்பு. பிறகு சாப்பாட்டு மேசையில் தட்டிலிருந்த மீன். "தௌவூ!" என்று கூவிக்கொண்டே எடுப்பாள். மேசை முழுக்கச் சிரிப்பு. உனைசி மரவள்ளிக் கிழங்கை மட்டும் மென்றுகொண்டிருப்பாள். நாளாக ஆக, தௌவூ உறவே இல்லாத மற்றப் பிள்ளைகளும் அந்தத் தட்டில் கை வைக்கத் தொடங்கினார்கள். கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போன வசேமதா, "ஏ மொத்துவா, எங்க ஊர்க்காரி தட்டுல இருக்கிறதை நீ பிடுங்கு, பயந்தாங்கொள்ளி!" என்று தானும் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போவாள்.

இதற்கு நடுவில் பட்டணத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து, பள்ளியில் பிள்ளைகள் பிள்ளைகளைத் துன்புறுத்துவதைத் தடுப்பது எப்படி என்று பணியாளர்களுக்கு நாள் முழுக்கப் பாடம் எடுத்தாள். சுவரில் படம் ஒட்டினார்கள். "உங்க விடுதியில அப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டதற்கு வசேமதா யோசிக்கவே இல்லை. "அடிதடி கிடையாது. விளையாட்டுதான்" என்றாள். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள்.

உனைசி முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் வசேமதா அவளை மருந்தறைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கச் சொன்னாள். முதுகெலும்பை ஒட்டி வரிசையாகக் கட்டிகள். இரண்டு பழுத்திருந்தன. படுக்கைப் புண்களைப் பார்த்துப் பழகிய கண். இது வெறும் பலகையில் படுக்கிற முதுகு என்று உடனே தெரிந்துவிட்டது.

"மெத்தை எங்க?"

"தௌவூ எடுத்துக்கிட்டா."

"எப்போ?"

"போன மாசம்."

வசேமதா சுடுநீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். "நீ போய் அவ மெத்தையை இழுத்துட்டு வர வேண்டியதுதானே? உங்க அப்பா உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையா?"

"தௌவூ கேட்டா குடுக்கணும், கோவப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"திருப்பி எடுக்கணும்னும் சொல்லியிருப்பாரே?"

"எடுத்தேன், ஒரு தடவை. அவ துண்டை." உனைசியின் குரல் சுவரைப் பார்த்தே வந்தது. "எல்லாரும் சேந்து குளிக்கிற ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. வெளில நின்னு… அம்மாவைப் பத்திப் பேசினாங்க."

"அம்மாவுக்கென்ன?"

"அம்மா படகு கவுந்து செத்துப்போச்சு. போன வருஷம். என் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போய்த்தான் கடல்ல குதிச்சிருக்கும்னு கெலேரா சொன்னா. இப்ப தினமும் சொல்றாங்க. ராகம் போட்டு."

வசேமதாவின் கை நின்றது. சீழ் பாதியில் இருக்கிறதே என்று மறுபடி அழுத்தினாள்.

"யார்கிட்டயும் ஏன் சொல்லல?"

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க மேட்ரன்" என்றாள் உனைசி. குற்றம் சொல்கிற குரல் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல். "சிரிச்சீங்க."

வசேமதா புண்ணைத் துடைத்து, மருந்து வைத்து, பஞ்சு ஒட்டி முடித்தாள். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு உனைசியே சொன்னாள்: "பரவால்ல. சனிக்கிழமை படகுல அப்பா வர்றாரு. வீட்டோட போயிடுவேன். தம்பியைப் பாத்துக்க ஆள் இல்ல, படிப்பு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

மொத்துவாவில் எட்டாம் வகுப்புக்கு மேலே பள்ளி கிடையாது. இங்கிருந்து போனால் அவள் படிப்பு அவ்வளவுதான்.

கெலேராவை அப்போதே கூப்பிட்டாள். கெலேரா சிரித்த முகமாக வந்தாள்.

"நாங்க தௌவூ மேட்ரன். நீங்களும்தான்!"

"வலையை எடுத்துட்டு ஓடினாங்கன்னியே, அது யாரைப் பத்தி?"

"மொத்துவாக்காரங்களைப் பத்தி."

"அவ அம்மா செத்ததை ராகம் போட்டுச் சொன்னீங்களே, அது யாரைப் பத்தி?"

கெலேராவின் சிரிப்பு போய்விட்டது.

"நம்ம கேலி ஊரைத் திட்டும். ஆளைத் திட்டாது. அவ உன்னைத் திருப்பி ஒரு வார்த்தை சொன்னாளா?"

"இல்ல."

"திருப்பி எடுத்தப்ப என்ன பண்ணினீங்க? பூட்டி வச்சீங்க. இதுல தௌவூ எங்க இருக்கு?"

"எல்லாரும் சிரிச்சாங்க மேட்ரன்…" கெலேரா கால் விரலால் தரையைக் கீறினாள். "நான் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அதான்."

"தெரியும். நானும் சிரிச்சேன். போய் மெத்தையைத் தூக்கிட்டு வா. நீயே தூக்கணும்."

மெத்தை வந்தது, துண்டு வந்தது. தலைமையாசிரியை கெலேராவின் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். குளியலறைப் பூட்டை வசேமதா கழற்றித் தன் மேசைக்குள் போட்டுக்கொண்டாள். இத்தனைக்குப் பிறகும் உனைசி பெட்டியில் துணி அடுக்குவதை நிறுத்தவில்லை. அவள் பக்கம் யாரும் போகவில்லை, அவளோடு பேசவும் இல்லை. அதுவும் ஒரு தண்டனை போலத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சந்தையில் வசேமதா யங்கோனா வேர்க் கட்டு ஒன்று வாங்கி வந்தாள். இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர், மன்னிப்புக் கேட்கிறவர்கள் அதைத்தான் முன்னால் வைப்பார்கள்.

சனிக்கிழமை உனைசியின் அப்பா சாக்கியூசா வந்துவிட்டார் என்பது அவர் குரலை வைத்தே விடுதி முழுக்கத் தெரிந்தது. "எங்கடா அந்த வைசேரே சேத்துத் தவளைங்க? மழை வந்துடுச்சு, வெளிய வந்து கத்துங்க!" தோளில் கூடை, அதில் தேங்காயும் பொரித்த மீனும். பிள்ளைகள் சன்னலில் கூடிவிட்டார்கள்.

வழக்கமாக வசேமதா அந்தக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அவள் கூடத்தில் பாயை விரித்து அவரை உட்காரச் சொன்னாள். பிறகு வேர்க் கட்டை முன்னால் வைத்துத் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். பின்னால் கெலேரா. உனைசி அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இப்படி மன்னிப்புக் கேட்க ஊரில் ஆண் ஒருவன் முன்னால் உட்கார்ந்து பேசுவதுதான் முறை. ஆள் தேட நேரமில்லை.

சாக்கியூசா கடகடவென்று சிரித்தார். "இதென்ன புது விளையாட்டு வசே? யங்கோனாவை வச்சு மன்னிப்பா? தௌவூகிட்டயா?"

அவள் சிரிக்கவில்லை. நிமிரவும் இல்லை.

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. "எடுத்துட்டுப் போ" என்றார், குரல் மாறி. "நமக்குள்ள குத்தமே கிடையாது, அப்புறம் மன்னிப்பு எங்கேர்ந்து வரும்? இதை நான் தொட்டேன்னு தெரிஞ்சா ஊர்ல என்ன கேப்பாங்க? வைசேரே உனக்கு அந்நியமாடா ஆயிடுச்சுன்னு கேப்பாங்க. எங்களை அறுத்து விடுறியா?"

"அறுத்து விடல. உன் பொண்ணுக்கு இங்க நடந்தது தௌவூ இல்லன்னு சொல்ல வந்தேன். வாயால சொன்னா நீ சிரிச்சுடுவ. அதான் இதை வச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு, மீன், மெத்தை, பூட்டு, முதுகு. தான் சிரித்ததையும் அதே குரலில் சொன்னாள். அம்மாவைப் பற்றிய பேச்சை மட்டும் சொல்லவில்லை. அதை உனைசியைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று பட்டது.

சாக்கியூசா மகளைத் திரும்பிப் பார்த்தார். "தம்பியைப் பாத்துக்கணும்னியே?"

"அப்படித்தான் சொல்ல முடிஞ்சது" என்றாள் உனைசி. "நிஜத்தைச் சொன்னா நீங்க சிரிச்சிருப்பீங்கப்பா."

சாக்கியூசாவின் கை வேர்க் கட்டு வரை போய்த் திரும்பி வந்துவிட்டது.

"நான் தொட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்" என்றார். "முடிஞ்சுதா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்? பலகையில படுத்தது நான் இல்லையே. நீ சொல்லும்மா."

இதை வசேமதா எதிர்பார்க்கவில்லை. அப்பன் வாங்கிக்கொள்வான், அல்லது கோபித்துக்கொண்டு போவான் என்றுதான் எண்ணியிருந்தாள். பிள்ளையிடம் கேட்பது ஊரில் நடக்கிற காரியமில்லை.

உனைசி நகர்ந்து அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேட்ரன் கேக்க வேண்டாம். கெலேரா கேக்கட்டும். அம்மாவைப் பத்தி அவ என்ன சொன்னாளோ அதை அப்பா முன்னாடி சொல்லட்டும். சொல்லிட்டுக் கேக்கட்டும்."

கெலேரா வசேமதாவைப் பார்த்தாள். வசேமதா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். தோளைத் தட்டிக் கொடுக்கவில்லை.

கெலேரா ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்தினாள். இத்தனை பேரைச் சிரிக்க வைத்த அந்த வார்த்தைகளை ஒரு மனிதர் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை. கடைசியில் பாயைப் பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டே, முழுவதையும் சொன்னாள். சாக்கியூசாவின் கைகள் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. யாரும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தைகள் சிரிப்பில்லாமல் எப்படி இருக்கும் என்பதை விடுதி அன்றைக்குத்தான் கேட்டது.

"தப்பு" என்றாள் கெலேரா. "உனைசி, தப்பு. நான் பண்ணினது தப்பு."

உனைசி எழுந்து வந்து வேர்க் கட்டின் மேல் கை வைத்தாள். வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை, கெலேராவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"இந்தப் பள்ளித் தவணை முடியிற வரைக்கும் இருக்கேன்ப்பா. அப்புறமும் பிடிக்கலன்னா வந்துடுவேன். அப்ப காரணம் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்" என்றார் சாக்கியூசா.

தேங்காயையும் பொரித்த மீனையும் மகளிடம் கொடுத்துவிட்டுக் காலிக் கூடையோடு படகுத் துறைக்குக் கிளம்பினார். வாசல் தாண்டும்போது ஏதாவது திட்டிவிட்டுப் போவார் என்று வசேமதா காத்திருந்தாள். அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். அது அவளுக்கு வலித்தது. வலிக்கட்டும், தனக்குரியதுதான் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே வந்து உனைசியிடம் கேட்டாள். "எந்தக் கட்டில் வேணும், சொல்லு."

உனைசி படுக்கைக் கூடம் முழுக்க நடந்து பார்த்தாள். கெலேராவின் வரிசையைத் தாண்டி, கதவோரம், மேட்ரன் அறைக்குப் பக்கத்தில் இருந்த கட்டிலைக் காட்டினாள்.

"அதுல லுசியானா படுக்கிறா" என்றாள் ஒரு சின்னப் பெண்.

"லுசியானா எங்க வேணா தூங்குவா, அவளுக்குக் கட்டில் ஒரு பொருட்டா?" என்று வசேமதா உனைசியின் பழைய கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் பிடிங்க யாராவது. சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள மாத்தணும்."

மூன்று பேர் வந்து பிடித்தார்கள்.