ஆறு புள்ளி விட்டுக்கொடுத்த ஆட்டம்

என் மனைவியின் தம்பி திண்டிவனத்தில் சின்னச் சரக்கு வண்டி ஒன்று வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குக் காய்கறி, பருவத்தில் கடலை மூட்டை, மற்ற நாட்களில் யாராவது வீடு மாற்றினால் பீரோ, கட்டில். அந்த வண்டிக்கு எஃப்.சி. எடுக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. டயர் மாற்றி, பெயின்ட் அடித்து, போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். வாங்காத வண்டி ரோட்டில் ஏற முடியாது. அதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் அமெரிக்காவில் நடக்கும் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் மேல் கட்டப் போகிறான் என்று அவன் பெண்டாட்டி ஒரு சனிக்கிழமை விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அழுதாள்.

என் மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க போங்க. கணக்கு தெரிஞ்சவருன்னு உங்க மேல அவனுக்கு ஒரு பயம் இருக்குது. நீங்க சொன்னா கேப்பான்."

இத்தனை வருஷத்தில் நான் சொல்லி அவன் கேட்டது எதுவும் எனக்கு நினைவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். இடைநில்லாப் பேருந்து என்று பலகை போட்டிருந்தார்கள். ஏழு இடத்தில் நின்றது. கண்டக்டரிடம் கேட்டேன். "எறங்கணும்னு கேக்கறாங்க, இன்னா பண்ணச் சொல்ற பெரியவரே" என்றார். பலகையை எடுத்துவிடச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மச்சான் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்து அணியில் கூடைப்பந்து ஆடியவன். உயரம் அதற்கு ஏற்றது. ஊரில் பந்தயம் கட்டுகிறவர்கள் எல்லாரும் கிரிக்கெட்டில் கட்ட, இவன் மட்டும் கூடைப்பந்தில் கட்டுவதற்கு அதுதான் காரணம். அமெரிக்க ஆட்டங்கள் நமக்குக் காலை நேரத்தில் வரும். மார்க்கெட் சவாரி முடித்து வந்து, இட்லி சாப்பிட்டபடி போனில் பார்ப்பான். பணத்தைப் போனில் கட்டி ஆடும் விளையாட்டுகளை அரசாங்கம் தடை செய்துவிட்டது என்று நான் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். பந்தயம் கட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் உறை விற்கிற ஒருவர் கையில் பணம் வாங்கிக்கொள்கிறார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் பேச வந்ததைப் பேசிவிட்டேன். சட்டம் சொன்னேன், எஃப்.சி. தேதி சொன்னேன், அவன் பெண்டாட்டி அழுததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்:

"மாமா, தெரியாத ஆட்டத்துல நான் கட்டறனா? நீலச் சட்டக்காரனும் செவப்புச் சட்டக்காரனும் நாளைக்கு ஆட்றான். நீலம் ஒரு மேட்சுக்கு எவ்ளோ பாயின்ட் அடிக்கறான் பாருங்க. லீக்லயே ஜாஸ்தி. செவப்பு கீழேருந்து எண்ணணும். கண்ண மூடிக்கினு நீலத்துல போடலாம்."

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பந்தயம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அந்தக் கணக்கின் அபத்தம்தான் பொறுக்கவில்லை.

நான் வேலை பார்த்தது புள்ளியியல் துறையில். விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் வயல் வயலாகப் போய், ஒரு சின்னச் சதுரத்தை அளந்து, அதில் விளைந்ததை மட்டும் பிடுங்கி எடை போட்டு, ஹெக்டேருக்கு எவ்வளவு என்று சொல்வது என் வேலை. ஒரு தாலுகாவில் கடலை அதிகமாக வந்தது என்றால் அங்கே விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதிக நிலத்தில் போட்டிருப்பார்கள். மொத்தத்தைப் பரப்பால் வகுக்க வேண்டும். இதைப் புரியவைக்க நான் ஆயுள் முழுக்கக் கத்தியிருக்கிறேன், மேலதிகாரிகளிடமும்.

கூடைப்பந்தும் அதேதான். நீலம் அவசரமாக ஆடுகிற அணி. பந்து கையில் வந்த உடனே எறிகிறார்கள். அதனால் ஒரு ஆட்டத்தில் பந்து அதிக முறை கைமாறுகிறது. இரண்டு பக்கமும் புள்ளி கூடுகிறது. சிவப்பு நிதானமாக ஆடுகிற அணி. பந்து கைக்கு வருகிற ஒவ்வொரு முறையும் எத்தனை புள்ளி எடுக்கிறார்கள், எதிரிக்கு எத்தனை கொடுக்கிறார்கள் என்று வகுத்துப் பார்த்தால்தான் பலம் தெரியும்.

"வகுத்துப் பாத்தியா?" என்றேன்.

"இல்ல மாமா."

"போனைக் குடு."

அந்த நாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். எறிந்த பந்து எத்தனை, விழுந்தது எத்தனை, விழாமல் திரும்பியதைப் பிடித்தது யார், பந்தைப் பறிகொடுத்தது எத்தனை முறை, சொந்த ஊரில் எப்படி, வெளியூரில் எப்படி. எங்கள் துறையில் ஒரு வட்டத்து மழையளவை வாங்க நான் மூன்று முறை ஞாபகக் கடிதம் எழுதியிருக்கிறேன். இங்கே விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது தெரியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சான் பெண்டாட்டி வாசற்படியில் வந்து நின்றாள். "அண்ணா, நிறுத்துங்கன்னு கூப்பிட்டா, நீங்களும் கூட உக்காந்துக்கினு கணக்கு போட்றீங்களே?"

"தப்பாப் போட்டிருக்கான்மா," என்றேன்.

சாயங்காலத்துக்குள் விடை வந்துவிட்டது. ஆட்டம் நீலத்தின் சொந்த ஊரில். சொந்த ஊரில் ஆடுகிற சாதகத்தைச் சேர்த்தாலும் நீலம் ஒன்றிரண்டு புள்ளிதான் மேலே. ஆனால் பணம் வாங்குகிறவர்கள் நீலத்துக்கு ஆறு புள்ளி வைத்திருந்தார்கள். அதாவது நீலம் ஆறுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் நீலத்தில் கட்டியவனுக்குப் பணம். அதற்குக் குறைந்தாலோ தோற்றாலோ சிவப்பில் கட்டியவனுக்கு. மொத்தப் புள்ளியைப் பார்த்து மயங்குகிற மச்சான்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் போல.

"கட்டாதே. கட்டறதுன்னா சிவப்புல கட்டணும்," என்று சொன்னேன். முதல் வார்த்தை அவன் காதில் விழவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. சிவப்பு அணியில் பந்தைக் கொண்டுபோய்ப் பங்கிடுகிற ஒரு ஆட்டக்காரன். அந்த அணி பந்தைப் பறிகொடுக்காமல் ஆடுவது அவனால்தான். அவன் பேருக்கு எதிரே, கணுக்கால், ஆடுவது சந்தேகம் என்று போட்டிருந்தது. ஆட்டம் நமக்குத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு. யார் இறங்குகிறார்கள் என்ற முடிவான பட்டியல் அரைமணி முன்னால், எட்டுக்கு வரும்.

"எட்டு மணி வரைக்கும் பொறு," என்றேன். "ஈரக் கடலையை எடை போட்டு விளைச்சல் சொல்லக் கூடாது. காயவைச்சு மறுபடி எடை போடணும்."

"எட்டா? முடியாது மாமா. நாளைக்கு இன்னா கிழமை?"

"திங்கள்."

"ஏழரைலேந்து ஒம்போது ராகுகாலம். ராகுகாலத்துல பணத்த எடுத்துக் குடுக்கச் சொல்றீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் அவன் வழியிலேயே போய்ப் பார்த்தேன். ஆட்டம் நடக்கிற ஊரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஞாயிறு ராகுகாலம் நாலரை முதல் ஆறு. நமக்கு எட்டு மணி என்றால் அங்கே ஆறரை. ராகுகாலம் போய் அரைமணி ஆகிவிட்டது. ஏழரைக்கு முன்னால் ஓடிப் போய்க் கட்டினால்தான் அந்த ஊர் ராகுகாலத்தில் சரியாக மாட்டுகிறான். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு சொன்னான்:

"பணம் திண்டிவனத்துலதான மாமா இருக்குது? திண்டிவனம் ராகுகாலம்தான் பாக்கணும்."

எண்ணிக் காட்டிய விரல்களை மடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு, சவாரி முடித்து வந்தவன், முகம் கழுவி விபூதி வைத்துக்கொண்டு கிளம்பினான். நானும் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். கடைசி நேரத்தில் தடுக்கலாம் என்று நினைத்ததாக மனைவியிடம் பிறகு சொன்னேன். அது முழு உண்மை என்று எழுதக் கை வரவில்லை. செல்போன் உறைக் கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கினார். எண்ணும்போது இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டிருந்ததை நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

"சிவப்பு பக்கமா? எல்லாரும் நீலத்துல போட்றாங்களேண்ணே," என்றார்.

"மாமா கணக்கு போட்டிருக்காரு," என்றான் மச்சான். கடை வாசலில் நின்ற இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டு மணிக்குப் பட்டியல் வந்தது. அந்த ஆட்டக்காரன் இல்லை.

ஆட்டம் தொடங்குகிறவரை பக்கம் மாற்றிக்கொள்ளலாம், கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதிக்குக் கணக்கு வைப்பார்கள் என்பது அவர்களுடைய வழக்கம். போன் போடச் சொன்னேன். போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். வண்டியை எடு என்றேன். எட்டே காலுக்குக் கடையில் இருந்தோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே அந்த மனிதர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் மேசை மேல் அவர் எதிரிலேயே கிடந்தது.

"பக்கம் மாத்தணும்," என்றேன் நான்.

"ஒம்போது ஆகட்டும் பெரியவரே."

"எட்டரைக்கு ஆட்டம் ஆரம்பிச்சிடும்!"

"ஆரம்பிக்கட்டும். திங்கக்கிழம ராகுகாலத்துல நான் பணத்தத் தொட்றதும் இல்ல, எழுதறதும் இல்ல. எங்கப்பா காலத்துலேந்து அப்டித்தான். அண்ணனைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

மச்சான் பக்கம் திரும்பினேன். இவனாவது கத்துவான், சட்டையைப் பிடிப்பான், குறைந்தபட்சம் கெஞ்சுவான் என்று பார்த்தேன். தலையை ஆட்டினான்.

"அவர் சொல்றதும் நியாயம்தான் மாமா. நாம மட்டும் பாக்கலாம், அவரு பாக்கக் கூடாதா?"

நான் கத்தினேன். அந்தத் தெருவில் என்னைத் தெரியாதவர்களும் அன்றைக்குத் தெரிந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீலம் பதினாலு புள்ளியில் ஜெயித்தது. சிவப்பு பந்தைக் கையில் வைத்திருக்கத் தெரியாமல் பறிகொடுத்துக்கொண்டே இருந்தது. நான் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். மச்சான் முதலில் சொன்னபடி, வகுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு நீலத்தில் கட்டியிருந்தால் பணம் வந்திருக்கும். தப்பான வழியில் போட்ட கணக்குக்குச் சரியான விடை வருவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது. இங்கே அதற்குத்தான் முழுத் தொகையும்.

இதை மச்சான் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி சொன்னாள், எனக்குக் காபி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி: "அவரு இஷ்டத்துக்கு விட்டிருந்தா வண்டியாவது ஓடியிருக்கும்."

என் மனைவி அதைச் சொல்லக்கூட இல்லை. நான் விழுப்புரம் வந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னபோது, கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவனுக்குத்தான் கணக்கு வராது. உங்களுக்கு?" பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் எஃப்.சி. தேதி போனது. மார்க்கெட் சவாரியை வேறு வண்டிக்காரர் எடுத்துக்கொண்டார். மச்சானின் வண்டி வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அவன் இப்போது ஒரு கடலை மண்டியில் அவர்களுடைய லாரியை மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். என்னால் முடிந்ததைத் தருகிறேன் என்றேன். அக்கா காசு எனக்கு வேண்டாம் என்றான். என் பென்ஷனை அக்கா காசு என்று அவன் சொன்னதில் எனக்கு வருத்தம்தான். திருத்தவில்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். பொறுக்க முடியாமல் செய்தேன். அந்த ஆட்டக்காரன் இறங்காத பழைய ஆட்டங்களை மட்டும் தனியாகப் பிரித்து, அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். நீலம் பதின்மூன்று என்று வந்தது. நடந்தது பதினாலு. என் உத்தியோக காலத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்த மதிப்பீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல மனசு அடித்துக்கொண்டது. என் மனைவி அடுப்படியில் இருந்தாள். அவளிடம் காட்ட முடியாது.

போன வாரம் மச்சான் லாரியோடு விழுப்புரம் வழியாகப் போனவன், டீ குடிக்க வீட்டுக்கு வந்தான். சம்பளம் சரியாகத் தருகிறார்களாம், ஆனால் தூங்க நேரமில்லையாம். முகம் சுருங்கியிருந்தது. அக்கா டம்ளர் எடுக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"மாமா, அந்த ஆளு இல்லாம போட்டுப் பாத்தீங்களா?"

கண்ணில் நீலம், சிவப்பு என்று பேசிய அன்றைய வெளிச்சம் இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"இல்லை," என்றேன்.

"சும்மா ஒரு தடவை போட்டுப் பாருங்க."

"அதெல்லாம் வராது. அப்படிப் போட முடியாது."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, மண்டிக்காரன் லாரியை ஓட்டிக்கொண்டு போனான்.