அப்பாவின் இருட்டறைப் பெட்டி

அப்பாவின் அறையில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. கறுப்புத் தகரம், முன்பக்கம் பெரிய லென்ஸ், உள்ளே கண்ணைக் கூசவைக்கும் பல்பு. அடியில் ஒரு போஸ்ட்கார்டையோ போட்டோவையோ வைத்தால் அதன் பிம்பம் எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு விழும். கப்பல் சாமான் விற்கும் கடையில் அப்பா பழசாக வாங்கியது. அதன்மேல் எப்போதும் ஒரு பூப்போட்ட போர்வை கிடக்கும். அந்தப் போர்வையைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருக்கும்.

அப்பா தூத்துக்குடியில் பேர்போன ஓவியர். ஒரு தடவை போட்டோவைப் பார்த்தால் போதும், அண்ணாச்சி அப்படியே கையால் வரைந்துவிடுவார் என்று ஊரே சொல்லும். உண்மையில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் மாட்டிய ஓவியத் துணியில் விழும் முகத்தின் மேல் கரிக்கோடு இழுத்துக்கொள்வார். வண்ணம் கொடுப்பது முழுக்க அவர் கைதான், அதில் பொய் கிடையாது. ஆனாலும் பெட்டி வெளியே தெரிந்தால் தலை நிமிர முடியாது என்று நினைத்தார். வீண் வீம்புதான், வேறென்ன.

மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன தோணியொன்று அதை ஓட்டிய தண்டலோடு காணாமல் போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. மாதா கோயில் பூசைக்கு வைக்கப் படம் வரையச் சொல்லித் தண்டலின் மனைவி போட்டோ கொடுத்திருந்தார். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள், தாழ்ப்பாள் சரியாக விழாத கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். இருட்டில், வெறும் துணியில், அவர் புருஷன் முகம் பெரிதாக நின்றது. அப்பா பதறிப்போய் விளக்கை அணைத்துப் போர்வையை இழுத்துப் போட்டார்.

"இப்ப இங்கன நின்னாவளே, அண்ணாச்சி" என்றார் அக்கா, துணியைக் காட்டி.

"இங்க ஒண்ணும் இல்லம்மா. வெறும் துணிதான். மனசுல நெனச்சது கண்ணுல தெரிஞ்சிருக்கும்."

புருஷனின் ஆத்துமாதான் தன்னைப் பார்க்க வந்தது என்று அக்கா நம்பிவிட்டார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளன்று வந்து, அந்த அறையில் மெழுகுவர்த்தி கொளுத்தி, சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அப்பா காலையிலேயே வெளியே கிளம்பிவிடுவார். சொல்லிவிடுங்கள் என்று அம்மா எத்தனையோ முறை கேட்டாள். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல என்பார். சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் அக்கா வந்தார். அப்பா இல்லாத முதல் வருஷம். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று போர்வையின் நுனியைப் பிடித்தபடி நின்றேன். மெழுகுவர்த்தி கொளுத்தியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, ஒங்கப்பா இங்கன வந்தாவளா?"

இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருவாவ. எங்க வீட்டுக்காரவுக வந்தாவல்லா."

எனக்கு முகம் எரிந்தது. லென்ஸ் தெரிந்த பக்கம் போர்வையை இழுத்து மூடினேன்.