வேலை நாளில் போடாத மாத்திரை

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஜீவராணி கொழுந்து பறித்தாள். வயது நாற்பத்தாறு, எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. சர்க்கரையும் பிரஷரும் இருந்தன. இதயம் தளர்ந்து, கால்களில் நீர் கோத்திருந்தது. மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியே கிடைக்கிற லயத்து வரிசை வீடுகளில், "தின்னே பெருத்தவ" என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை.

நீர் இறங்குவதற்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். காலையில் விழுங்கினால் மதியத்துக்குள் ஐந்தாறு தடவை சிறுநீர் போக வேண்டும். மலையில் கழிப்பறை இல்லை. மற்றப் பெண்கள் செடி மறைவில் குந்தி எழுந்துவிடுவார்கள். சரிவில் ஜீவராணி குந்தினால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். ஒருமுறை அப்படித் தூக்கியபோது மேலே நின்ற கங்காணி சிரித்தான். அதன்பின் வேலை நாட்களில் அந்த மாத்திரையை அவள் தொடவில்லை. ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயாவும் மட்டும் விழுங்கினாள்.

கிளினிக்கில் இளம் டாக்டர் சுகிர்தன், யாழ்ப்பாணத்துக்காரர், வீங்கிய காலை அழுத்திப் பார்த்தார்.

"குளிசை ஒவ்வொரு நாளும் போடுறீங்களோ?"

"போடுறேங்க."

மகன் வயது ஆணிடம் வேறென்ன சொல்வாள்? மலையில் எங்கே ஒதுங்குவாள் என்று அவரும் யோசிக்கவில்லை. ஒன்றை இரண்டாக்கி எழுதினார்.

"சாப்பாட்டைக் குறையுங்கோ. இப்பிடியே போனா இதயம் தாங்காது."

அடுத்த வாரம் லயத்துப் படியேறும்போது மூச்சு முட்டி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பயத்தில் வெட்கம் போயிற்று. மறுநாள், பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக்கொண்டிருந்த தோட்ட அதிகாரி கண்டாக்கின் முன்னால், எல்லாரும் பார்க்க இரண்டு மாத்திரைகளையும் விழுங்கினாள்.

"ஐயா, இதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும். மலையில எங்க போறது?"

"ஒனக்காகத் தேயிலைக்கு நடுவுல பங்களா கட்டணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மீனம்மா, "ஒங்க ஆபீசுல ரெண்டு கக்கூஸ் இருக்கே, ஒண்ணத் தூக்கிட்டு வாங்க ஐயா" என்றாள். சிரிப்பு கூடியது. கண்டாக்கின் முகம் கறுத்தது.

"முடியாதவங்க வீட்டுல இருங்க."

ஜீவராணி வீட்டில் இருந்தாள். மருந்து தினமும் உள்ளே போனது. ஒரு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிடுவதும் நின்றது. எல்லாம் விதி, கோயிலுக்கு நேர்ந்துகொள் என்றார்கள். விதிக்கு இதில் என்ன வேலை? நாலு தகரமும் ஒரு குழியும் போதும். இத்தனை தலைமுறையாக அதுகூடக் கிடைக்கவில்லை.

கிளினிக்கில் சுகிர்தன் மறுபடி காலை அழுத்தினார். விரல் பதியவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களோ? ஒழுங்காப் போட்டா எல்லாம் சரி வரும். இனிப் பயப்பிடாமக் கொழுந்தெடுக்கப் போகலாம்."