தொட்டியில் தண்ணீர் இல்லை

"அடுத்து என்ன?" என்று யாராவது என் தம்பியிடம் கேட்டால், எனக்குத்தான் முதலில் சுர்ரென்று ஏறும். கேட்கிறவர்களுக்கு அவன் பதில் தேவையே இல்லை. கேட்ட வாயை மூடாமல் அவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது என் வேலை. தாடை வீங்கி வந்து உட்கார்ந்திருப்பவர்கூட, தம்பி சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம் என்று தெரிந்தால், வலியை மறந்து, "அதுக்கு இப்ப வேலை எங்கம்மா இருக்கு?" என்பார். அவரைக் கடைசி ஆளாக உள்ளே அனுப்பத் தோன்றும். இரண்டு முறை அனுப்பியும் இருக்கிறேன்.

வீட்டில் தம்பிக்கு சிமெண்ட் என்று பெயர். பேன்ட் ஓரம் எப்போதும் சாம்பல் பூத்திருப்பதால் நான் வைத்தது. காலையில் நின்றபடியே சாப்பிடுவான், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவான், வகுப்பில் தூங்குவான். கான்கிரீட் லேபுக்குள் நுழைந்தால் மட்டும் உயிர் வந்துவிடும். ஆனால் வாயைத் திறக்கமாட்டான், கல்லுளிமங்கன். அவன் கோபத்தையும் சேர்த்து நானே படவேண்டியிருக்கிறது.

கடைசி வருட புராஜெக்டுக்கு, ஜல்லியில் ஒரு பங்கைக் குறைத்து உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் போட்டுக் கான்கிரீட் கலந்தான். டைல்ஸ் கடை வாசலில் கோணிப்பையோடு நின்று அவனே பொறுக்கியவை. கலவையைச் சதுரக் கட்டிகளாக வார்த்து, லேப் தொட்டியில் தண்ணீருக்குள் ஊறப்போட வேண்டும். அப்புறம் மெஷினில் வைத்து நசுக்கினால், எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் பலம். கான்கிரீட் காய்ந்தால்தான் இறுகும் என்று நானும் நினைத்திருந்தேன். "காயவே கூடாதுக்கா. தண்ணிக்குள்ளயே கிடந்தாத்தான் பலம் வரும்" என்றான். அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதே அபூர்வம்.

கட்டுமானப் பொருள்களைப் பரிசோதிக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து கல்லூரிக்குப் பேச வந்த இன்ஜினியர் அம்மா, சொந்தமாக வார்த்த கட்டியின் ரிசல்ட்டோடு வருகிறவர்களுக்கு வேலைக்கான நேர்காணல் வைப்பதாகச் சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம் மாமா. செல்போன் கடை வைத்திருக்கிறார். "எங்கிட்ட விடுக்கா, கண்ணாடி ஒட்டக் கத்துக்கட்டும்" என்று அம்மாவை அரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வீட்டில் முடிவானது இதுதான்: அந்த நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் மாமா கடை. தம்பி தலையாட்டினான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நேர்காணல் நெருங்கியிருந்தபோது கிளினிக்குக்கு போன் செய்தான். அவனாகப் போன் செய்கிற ஆளே இல்லை.

"அக்கா, தொட்டியில தண்ணி இல்லக்கா."

"கல்லு?"

"அதையும் காணோம்."

டாக்டரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். கல்லூரிக்குத் தரச் சான்று கொடுக்க ஆய்வுக் குழு வந்திருந்தது. ஈரத் தரை அசிங்கமாகத் தெரியும் என்று போன வாரமே தொட்டியைக் காலி செய்து, லேபைப் பூட்டிவைத்து, குழுவுக்குக் காட்ட அன்றுதான் திறந்தார்களாம். கட்டிகள் வாசல் தோட்டத்தில் இருந்தன. அவன் வகுப்பில் அத்தனை பேர் வார்த்த கட்டிகளுக்கும் ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளையும் நீலமும் அடித்து, குழுத் தலைவர் நட்ட செடியைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தார்கள். வெயிலில் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன.

துறைத் தலைவர் வந்தார். "எதுக்கும்மா சத்தம்? கல்லுதானே? வழக்கமா வர்ற நம்பர் ஒண்ணு இருக்கும், அதைப் போட்டுக்கச் சொல்லுங்க. மத்த பசங்கள்லாம் போட்டாச்சு."

"நீங்க கட்டின வீட்டுலயும் இப்படித்தான் நம்பர் போட்டுக் கொடுத்தாங்களா சார்?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இன்னும் கேட்டேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

தம்பியோ பாத்தியில் குந்தி உட்கார்ந்து, தன் அடையாளக் கீறல் இருந்த கட்டிகளைத் தோண்டி எடுக்க ஆரம்பித்தான். "குழு இன்னும் போகலடா!" என்று துறைத் தலைவர் பதறினார். நானும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒரு கட்டியைத் தூக்கினேன். பச்சைக் குழந்தையின் கனம் இருந்தது. கோட் போட்டவர்கள் மாடியிலிருந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லேபுக்குக் கொண்டுபோய் நசுக்கினான். ஒவ்வொன்றும் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே உடைந்தது. உடைந்தபடியே எழுதிக்கொண்டான். ஒன்றை மட்டும் நசுக்காமல் பையில் போட்டுக்கொண்டான்.

நேர்காணலுக்கு நானும் போனேன். வராந்தாவில்தான் உட்கார வைத்தார்கள், ஆனால் கதவு திறந்திருந்தது. அந்த இன்ஜினியர் அம்மா சிரிக்காத முகக்காரி.

"உங்க காலேஜ்லேர்ந்து வந்த எல்லாருக்கும் நல்ல பலம் வந்திருக்கு. உன்னோடது மட்டும் படுத்துக்கிச்சு. ஏன்?"

"பாதியில காஞ்சு போச்சு மேடம்."

"அவங்களோடது காயலையா?"

"எல்லாமே ஒரே தொட்டி மேடம். ஒரே செடியைச் சுத்திதான் இருந்துச்சு."

"கம்மியா கொண்டு வந்துட்டு மத்தவங்க மேல பழி போடுறியா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நான் எழுந்து உள்ளே போவதற்குள் தம்பி பையைத் திறந்து, அந்த நீலக் கட்டியை மேஜைமேல் தொப்பென்று வைத்தான். அடியில் தோட்டத்து மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"இதை உங்க மெஷின்லயே நசுக்குங்க மேடம். நான் எழுதினதுதான் வரும்." அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "கல்லு படுத்துக்கிச்சுன்னு எழுதினா நான் மட்டும்தான் போவேன். அவங்க நம்பரை நம்பி ஒருத்தன் தூண் எழுப்பினா, அடியில குடியிருக்கிறவங்க போவாங்க."

அவர் நீலப் பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மெஷினிடம் போனார். திரும்பி வந்தபோதும் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ எழுதினதுதான். ஆனா இந்தப் பலத்துக்கு உன்னை எடுக்க முடியாது. இங்கேர்ந்து அச்சு தரேன், மறுபடி வார்த்துக் கொண்டு வா. உன் வகுப்புல எல்லாரையும் அப்படியே வரச் சொல்றேன். எல்லாக் கல்லையும் நான்தான் நசுக்குவேன்."

இப்போது எங்கள் குளியலறையில் பெரிய டிரம் தம்பியின் கட்டிகளுக்கு. நாங்கள் ஓரமாக ஒண்டிக் குளிக்கிறோம். நேற்று மாமா வந்தார். கால் கழுவ உள்ளே போனவர், "என்னக்கா, டிரம் நிறையப் பழைய தண்ணி? இதைக் கொட்டிட்டு வேற பிடிச்சா என்ன?" என்று டிரம்மைச் சாய்க்கப் போனார்.

"மாமா! கைய எடுங்க!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. மாமா மிரண்டு வெளியே வந்து, "சரிம்மா, சரி. அதுசரி, பையன் அடுத்து என்னதான் செய்யப் போறான்?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நானே பதில் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தான் போல. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"கல்லு இன்னும் ஊறணும் மாமா" என்றான் அவன். "அதுக்குள்ள யாரும் கேக்காதீங்க."