மைக்காரர் கேட்ட ‘ஆம்’

சட்டமன்றத்தில் யார் பேச எழுந்தாலும் அவருடைய மைக்கைப் போட்டுவிடுவது மைக்காரரின் வேலை. ஆட்சி மாறினால் ஆட்கள் இடம் மாறுவார்கள். “கஜானாவைக் காலி பண்ணினது நீங்கதான்” என்ற பேச்சு மட்டும் மாறாது.

அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. இந்த நேரம் பார்த்து, அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்தைப் பாதியாக்கும் மசோதா வந்தது. இரு கட்சியும் ஒன்றையொன்று கிழித்துத் தோரணம் கட்டின. இந்தச் சண்டையில் மசோதா எங்கே பிழைக்கப் போகிறது என்று தெம்பாக இருந்தார்.

வாக்கெடுப்பில் இரு பக்கமும் ஒரே குரலில் “ஆம்” என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எதிர்ப்பவர்கள்?” என்றார் சபாநாயகர். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

மனைவி போனில் கேட்டாள்: “பென்ஷன் பாதியானதுக்கு யாரு மேல தப்பாம்?”

“அவங்க மேலன்னு இவங்க, இவங்க மேலன்னு அவங்க.”

“அப்போ யாருதாங்க வேணாம்னு சொன்னது?”

“நான்தான். எனக்குத்தான் மைக் கிடையாதே.”