தோத்தாத்ரியின் எச்சில் மைக்

செம்பாக்கம் ஏரிக்குப் பின்தெருவில் குடியிருக்கும் தோத்தாத்ரி, வாழ்க்கையில் இரண்டே இரண்டு துணிச்சலான காரியங்கள்தான் செய்திருக்கிறார். நாமம் போடுகிற வீட்டில் பிறந்துவிட்டு, விபூதி பூசுகிற வீட்டுப் பெண் அபிதகுஜாம்பாளைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டது ஒன்று. மவுத் ஆர்கன் வாசித்தது இன்னொன்று. முதல் குற்றத்தை இரண்டு வீட்டாரும் பேரன் பேத்தி ஆசையில் சீக்கிரமே மன்னித்துவிட்டார்கள். இரண்டாவதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

காரணம் எச்சில். சாமி விஷயத்தில் எதிரும் புதிருமாக இருந்த அந்த இரண்டு குடும்பங்களும் எச்சில் விஷயத்தில் ஒரே கட்சி. வாயில் பட்டது எச்சில், அதைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும், தண்ணீரைச் சொம்பில் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ‘சீப்பிக் குடிக்காதே, தூக்கிக் குடி’ என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள் இருவரும். அப்படிப்பட்ட வீட்டில், முழுக்க முழுக்க வாய்க்குள் வைத்து ஊதி உறிஞ்சுகிற ஒரு வாத்தியத்தை எங்கே வைப்பது? தோத்தாத்ரியின் அம்மா வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருந்த ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். மாமியாரோடு வேறு எதிலும் ஒத்துப்போகாத அபிதா, அந்த ஜன்னல் விளிம்பு விஷயத்தில் மட்டும் மறுபேச்சு பேசவில்லை.

தோத்தாத்ரியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. குரோம்பேட்டையில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, காபி குடித்து, வாத்தியத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அதிகம் பேசாத மனிதர். அலுவலகத்தில் அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே பலருக்குச் சந்தேகம். மாடியில் அவர் ஊத ஆரம்பித்தால் மட்டும் அடுத்த தெருவில் துணி எடுக்க வந்தவர்கள் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒன்றுதான் அவருக்கு ஊரில் இருந்த குரல்.

பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வைத்தீஸ்வரன், கீபோர்டு வாசிப்பவர். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அறுபதாம் கல்யாணம், குடியிருப்போர் சங்க ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசிக்க ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். தோத்தாத்ரியையும் அதில் சேர்த்துக்கொண்டார். ஒரு கச்சேரிக்கு இரண்டு பாட்டு மவுத் ஆர்கனுக்கு என்று ஒதுக்கியிருந்தார். தோத்தாத்ரிக்கு அது போதும். அந்த இரண்டு பாட்டுக்காக வாரம் பூராவும் இஸ்திரி போட்ட சட்டையை ஹேங்கரில் மாட்டி வைத்துக் காத்திருப்பார்.

போன வருஷ மழையில் அவருக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்குப் போய்த் திரும்பி வந்தார். டாக்டர் சரியாகிவிட்டது என்று சொல்லித்தான் அனுப்பினார். கோடையில் மறுபடி குழுவோடு உட்கார்ந்தார். ஆடி மாதம் ஒரு கச்சேரியில், பாட்டு பாதியில் இருக்கும்போது, முன் வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் இவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்பது அவர் காதில் விழுந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ரிதம் பேடின் தாளச் சத்தத்தில் அவர் வாசிப்பு மூழ்கிப் போயிருந்தது. இன்னும் பலமாக ஊதினார். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. பாட்டு முடிந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவில்லை. நெஞ்சு மறுபடி கெட்டுவிட்டது, இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். டாக்டர் வரச் சொன்ன நாளில் போகவில்லை. அபிதாவிடம் கூட்டம் அதிகம், அடுத்த மாதம் போகலாம் என்று புளுகினார். போன மழையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்த கோலத்தை அவர் மறக்கவில்லை. மறுபடி அவளை அங்கே உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

வைத்தீஸ்வரனும் கவனித்துவிட்டார். நவராத்திரிக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கச்சேரி. அதற்கு முன் தோத்தாத்ரியைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தமாக ஒரு நல்ல மைக் வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். அதுவும் சரிப்படாவிட்டால் இந்த ஒரு தடவை கேட்க மட்டும் வரலாமே என்றும், தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். நல்ல மனிதர், சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

ஆகவே தோத்தாத்ரி மைக் வாங்கக் கிளம்பினார் என்று பெயர். உண்மையில் தனக்கு மூச்சு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கிளம்பினார். நல்ல மைக்கிலும் கேட்கவில்லை என்றால் விஷயம் முடிந்தது, வாத்தியத்தைத் துடைத்து வைத்துவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் என்னென்ன வரும் என்பதை அவர் நினைக்கவே பயந்தார்.

அபிதாவும் கூடவே கிளம்பினாள். குரோம்பேட்டையில் கொலுவுக்கு இரண்டு பொம்மை வாங்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஜிஎஸ்டி ரோட்டில் மைக், ஸ்பீக்கர் விற்கிற அந்தக் கடையை ஹெப்சி என்ற பெண்மணி நடத்திவந்தாள். மவுத் ஆர்கனுக்கு மைக் என்று இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லை, எது சரிவரும் என்று தனக்கும் தெரியாது, இருப்பதையெல்லாம் போட்டுக் காட்டுகிறேன் என்று உள்ளதைச் சொன்னாள். அபிதாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டாள்.

முதலில் பாடகர்கள் கையில் பிடிக்கிற மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள். கடைக்கு வருகிறவர்களெல்லாம் ஹலோ ஹலோ என்று வாய் வைத்துப் பார்த்த மைக் அது. தோத்தாத்ரி வழக்கம்போல் நாலு விரல் தள்ளி நின்று வாசித்தார். ஸ்பீக்கரில் கொசு பாடுகிற மாதிரி வந்தது. ஹெப்சி ஒலியைக் கூட்டினாள். ஸ்பீக்கர் ஊய்ங் என்று அலறியது, வாத்தியம் மட்டும் அதே கொசுதான். சட்டையில் குத்துகிற மைக்கும் அதே கதை.

பிறகு ஒரு ஸ்டூடியோ மைக்கை எடுத்தாள். ஊசி விழுந்தாலும் பிடித்துவிடும் என்று அவள் பெருமையாகச் சொன்னது வாஸ்தவம்தான். ரோட்டில் போகிற பஸ் ஹாரனைப் பிடித்தது, மின்விசிறியின் கடகடப்பைப் பிடித்தது. தோத்தாத்ரி தம் கட்டி ஊதிவிட்டு நிறுத்தியபோது, அவருடைய மூச்சிரைப்பையும் பிடித்தது. ஸ்பீக்கர் வழியாகக் கடை முழுக்க ஹ்ஹா, ஹ்ஹா என்று ஒரு கிழவன் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. ஹெப்சி விசிறியைத்தான் சந்தேகித்து அதை நிறுத்தினாள். விசிறி நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அபிதா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாகக் கேட்ட சத்தம் அது, அவளை ஏமாற்ற முடியாது.

தோத்தாத்ரி வாத்தியத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மைக்ல ஒண்ணும் கோளாறு இல்ல, அபிதா. எனக்குத்தான் மூச்சு போயிடுத்து" என்றார்.

"எத்தனை நாளா இது?"

"ஆடிலேர்ந்து. டாக்டராண்ட கூட்டம்னு சொன்னது பொய், பயத்துல நான் போகவே இல்ல."

அபிதாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். கடை என்றும் பார்க்காமல் நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அதற்குப் பதிலாக, இவ்வளவு நேரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு விஷயம் அவள் நினைவுக்கு வந்தது.

"மூச்சு போச்சுன்னு நீங்களா எப்படிச் சொல்றேள்? ஒரு மைக்கிட்டயும் நீங்க போகவே இல்லையே. சொம்பைத் தூக்கிக் குடிக்கற மாதிரி தள்ளி நின்னுண்டே ஊதறேள்" என்றாள்.

அத்தனை பேர் வாய் பட்ட மைக் என்று அவர் முனகினார். அதில் நியாயம் இருப்பதாக அபிதாவுக்கும் பட்டது. அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறவளா அவள்? நேராக ஹெப்சியிடம் திரும்பி, இதுவரை யாரும் வாயே வைக்காத, பெட்டி பிரிக்காத மைக் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

ஹெப்சி அலமாரியைக் குடைந்தாள். நல்ல மைக்குகள் எல்லாம் போட்டுக் காட்டுவதற்காகப் பிரித்தவை. பிரிக்காமல் கிடந்தது ஒன்றே ஒன்று. அதை எடுத்து வைக்கவே அவள் தயங்கினாள்.

"இது ஆட்டோல ஸ்பீக்கர் கட்டி வெங்காயம் தக்காளி விக்கிறவங்க வாங்குற மைக், மேடம். பாட்டுக்கு யாரும் எடுக்க மாட்டாங்க."

"பிரிங்கோ" என்றாள் அபிதா.

சோப்புக்கட்டியை விடக் கொஞ்சம் பெரியது. கைப்பிடி கிடையாது, அப்படியே உள்ளங்கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஹெப்சி ஒயர் முனையை மாற்றி ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தாள். தோத்தாத்ரி அதைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் நாலு விரல் தள்ளியே பிடித்தார். அபிதா கிட்டே வந்து அவர் கையைப் பிடித்து, மைக்கை வாத்தியத்தோடு ஒட்டவைத்தாள்.

"புதுசுதானே, உங்க எச்சில் மட்டும்தானே. சீப்பியே குடிங்கோ."

தோத்தாத்ரி மைக்கையும் மவுத் ஆர்கனையும் இரண்டு கையாலும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். பலமாக ஊத இனி தெம்பில்லை, சும்மா மெதுவாக மூச்சை விட்டார். கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ஹெப்சி ஓடிப்போய் ஒலியைக் குறைத்தாள். குறைத்த பிறகும் அது கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, சாக்ஸபோன் மாதிரி வந்தது. மொட்டை மாடியில் அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் இப்படித்தான் இருக்கும். மேடையில் ஒரு நாளும் இப்படி வந்ததில்லை.

அப்படியே ஒரு பாட்டை ஆரம்பித்தார். சரணத்துக்குப் போனார், திரும்ப வந்தார். நடுவில் நிறுத்தவில்லை, பூச்சி பறக்கவில்லை. முடித்துவிட்டு மூச்சிரைப்புக்காகக் காத்திருந்தார், அது வரவே இல்லை. இத்தனை வருஷமும் அந்த நாலு விரல் தூரத்தைத் தாண்டத்தான் நெஞ்சு வெடிக்க ஊதியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. உடம்பில் பலம் இருந்தவரை தாண்டியது. நிமோனியாவுக்குப் பிறகு தாண்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வாசலில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தோத்தாத்ரி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெப்சி கணக்குப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அபிதா மட்டும், பொம்மைக் கடை மூடிவிடப் போகிறது என்று சம்பந்தமில்லாமல் சொன்னாள்.

பாட்டு வந்துவிட்டது என்பதற்காக அவள் அவரை விட்டுவிடவில்லை. மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார். பழைய தழும்பு கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பழைய பலம் முழுக்கத் திரும்பாது என்றார். ஊதுவதை நிறுத்த வேண்டாம், நுரையீரலுக்கு அதுவே நல்ல பயிற்சி, தம் கட்டி ஊதாமல் இருந்தால் சரி என்றும் சொன்னார். தோத்தாத்ரி வெளியே வந்து வாசலில் நின்று, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டார். ஆடி மாதத்திலிருந்து அவர் அப்படித் தூங்கியதே இல்லை.

ஊரப்பாக்கம் கச்சேரியில் அந்தப் புது மைக்கில் அவருடைய இரண்டு பாட்டும், கடைசி வரிசையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைகள்வரை கேட்டது. ரிதம் பேட் அவருக்குப் பின்னால்தான் வந்தது. வைத்தீஸ்வரன் கீபோர்டிலிருந்து எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து உலுக்கினார், கேட்க மட்டும் வரச் சொன்னதற்காக வெட்கப்பட்டார்.

கடைசியில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் நன்றி சொல்ல வந்தார். அவருக்குக் கொடுத்த மைக்கில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. வைத்தீஸ்வரன் சட்டென்று தோத்தாத்ரியின் மைக்கை எடுத்து நீட்டினார். முன் வரிசையிலிருந்து அபிதா மேடையேறி வந்து, பாதி வழியில் அதை வாங்கிக்கொண்டாள்.

"மன்னிக்கணும். இது இவரோட எச்சில் மைக், வேற யாருக்கும் தர்றதுக்கில்ல."

செயலாளர் மைக் இல்லாமலே கத்தி நன்றி சொன்னார். அபிதா மைக்கின் ஒயரைச் சுற்றி, கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த தாம்பூலப் பைக்குள், வெற்றிலை பாக்கு குங்குமத்துக்கு மேலேயே வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த தோத்தாத்ரிக்குத் திக்கென்றது. செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஜன்னல் விளிம்பைத் தவிர வேறு இடம் அறியாத வாத்தியத்தின் சொந்தக்காரர் அவர்.

"குங்குமத்தோட வெக்கறியே, அபிதா. எச்சில் இல்லையா?"

"மூச்சு இருக்கறவாளுக்குத்தானே எச்சில். இருக்கட்டும், வாங்கோ, தாம்பரம் வண்டிக்கு நேரமாச்சு."